குடை இல்லாமல் நடக்கிறவர்

அக்டோபர் 8, திங்கள்

காலையிலிருந்து விடாத மழை. சிலிண்டர் போடுகிறவன் கீழே ரோட்டோரத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். போன் பண்ணிக் கேட்டால், "படியெல்லாம் வழுக்குதும்மா, மழை விடட்டும், தூக்கிட்டு வர்றேன்" என்கிறான். குன்னூரில் மழை விட்ட பிறகு வேலை செய்வதென்றால் ஜனவரியில்தான் செய்ய வேண்டும். நல்ல வேளை, பழைய கரி அடுப்பை நான் தூக்கிப் போடவில்லை. அதிலேயே சோறும் ரசமும் ஆயிற்று. எங்கள் வீட்டுக்கு எத்தனை படி என்று எல்லாரும் கேட்பார்கள். நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. எண்ணினால் ஏற முடியாது.

இவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க நஸ்ரின் வந்தாள். நனைந்த கோழி மாதிரி வாசலில் நின்றாள், பாவம். ஏப்ரலில் ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து இவருக்கு வலது கையும் காலும் சொன்னபடி கேட்பதில்லை. கால் பரவாயில்லை, இடது கையில் கம்பை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார். பேச்சுதான் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் 'தா' என்று ஒரே சத்தம். தண்ணீர் வேண்டுமென்றாலும் 'தா', வேண்டாமென்றாலும் 'தா'.

நஸ்ரின், "அங்கிள் ரயில்வேல டிராயிங் போட்டவர்தானே ஆன்ட்டி? இடது கையால ஏதாச்சும் வரைஞ்சு பாக்கட்டும். மூளைக்கு நல்லது" என்றாள்.

"அவர் வரைஞ்சதெல்லாம் பாலமும் மதகும்தாம்மா" என்றேன். இவர் 'தா' என்றார். "சரிங்கிறார்" என்று நஸ்ரினிடம் சொன்னேன்.

சாயங்காலம் ஜெபசிங் போன் பண்ணினான். கோயம்புத்தூரில் அவன் வீட்டுக்கு அடுத்த தெருவில் தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாகிறதாம். நவம்பர் கடைசிக்குள் சொல்லிவிட வேண்டுமாம். "இந்தக் குளிர்ல எத்தனை நாள்மா இருப்பீங்க? அப்பாவக் கேட்டுச் சொல்லுங்க" என்றான். கேட்கிறேன் என்று சொல்லி வைத்தேன். தோசைக்கு ஊறப் போட வேண்டியிருந்தது, கேட்கவில்லை.

அக்டோபர் 11, வியாழன்

கடைவீதிக்குப் போய்க் கலர் டப்பா, இரண்டு பிரஷ், தடித்த காகிதம் வாங்கி வந்தேன். கூடவே டீக்குத் தொட்டுக்கொள்ள வர்க்கி, இவருக்கு இருமல் மிட்டாய், கொஞ்சம் பீன்ஸ். கடைக்காரன் "பேரனுக்கா?" என்று கேட்டான். "புருஷனுக்கு" என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு பில் போட்டான்.

இவர் டப்பாவைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தார். முப்பது வருஷம் கறுப்பு மையைத் தவிர வேறு நிறம் தொட்டவரில்லை. பிரஷை இடது கையில் பிடித்த பிடியைப் பார்த்தால் குழந்தை கரண்டி பிடிக்கிற மாதிரி இருந்தது. முதல் காகிதம் கிழிந்தது. இரண்டாவதில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. மூன்றாவதை நான் பார்க்கவில்லை, அடுப்பில் பால்.

அக்டோபர் 15, திங்கள்

இன்று எழுத நிறைய இருக்கிறது.

படம் என்னவென்று தெரிந்துவிட்டது! மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் தபால் ஆபீஸ் இறக்கம். மழையில் நனைந்த தெரு. இரண்டு பக்கமும் கடைகள், தூரத்தில் பனி மூடிய மலை. மேட்டில் அந்த ஒற்றை யூகலிப்டஸ். அதை வைத்துத்தான் எந்தத் தெரு என்று தெரிந்தது, மற்றதெல்லாம் கலங்கலாக இருக்கிறது. இடது கை நடுங்கினால் என்ன? மழையில் எல்லாமே நடுங்கலாகத்தானே தெரியும்.

பார்த்ததும் எனக்கு மூக்கில் ஈரக் கம்பளி வாசனை வந்துவிட்டது. அந்த இறக்கத்தில் மாடியில்தான் எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். இருபத்திரண்டு வயதில் அங்கே ஆபரேட்டராகப் போய் உட்கார்ந்தேன். மழைக்காலத்தில் ஆறு பெண்களும் நனைந்த ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு ஹெட்போன் மாட்டிக்கொள்வோம். அந்த அறை முழுக்க ஈரக் கம்பளி வாசனையும் ஃப்ளாஸ்க் காப்பி வாசனையும்தான். கீழே பேக்கரியில் ரொட்டி எடுக்கிற மணி அடித்தால் யாராவது ஒருத்தி ஓடுவாள். கல்யாணம் ஆன பிறகு இவர் ஷிப்டு முடிகிற நேரத்துக்குக் கீழே வந்து நிற்பார். கையில் இரண்டு குடை. ஒரு குடையில் இரண்டு பேர் போனால் ஊர் பார்க்குமாம். எனக்கு என் குடையைக் கொடுத்துவிட்டு நாலடி முன்னாலேயே நடப்பார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டேதான் எனக்கு இவரைப் பிடித்துப்போனது.

ஒரே ஒரு குறை. தெரு இறக்கமாகவே இல்லை, பலகை மாதிரி நேராகக் கிடக்கிறது. மலை ரயில் பாதைக்கு ஏற்ற இறக்கக் கணக்குப் போட்ட மனுஷன்! இடது கை படுத்துகிற பாடு. "என்னங்க, இறக்கத்தையே காணோமே?" என்றேன். 'தா' என்றார், சத்தமாகவே.

ஜெபாவுக்கு நானே போன் பண்ணினேன். "அப்பா நம்ம தெருவப் படமா போட்டிருக்காருடா. இந்த ஊர விட்டு வர அவருக்கு மனசே இல்ல" என்றேன். அவன் "ஓ" என்றான். பிறகு "அப்படியே சொன்னாராம்மா?" என்றான். இதைவிட எப்படிடா சொல்வார் என்று கேட்டேன்.

அக்டோபர் 17, புதன்

மழை. கரண்ட் இல்லை. சுக்குக் காப்பி.

அக்டோபர் 21, ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும்போது தபால் ஆபீஸ் இறக்கம் வழியாகவே வந்தேன். பேக்கரி இருந்த இடத்தில் ஹோம்மேட் சாக்லேட் கடை. போட்டோ ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை, வாசலில் ஒரு கரடி பொம்மை வேறு ஆடிக்கொண்டு நிற்கிறது. எக்ஸ்சேஞ்ச் மாடியைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். ஆனால் மழை அதே மழைதான். கல் சுவரில் அதே பாசி. வெள்ளிக்கிழமைச் சந்தை மாதிரி டூரிஸ்ட் கூட்டம். குடை இடிக்காமல் நடக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் இவரிடம் சொன்னேன். தினமும் இது ஒரு வேலை. கீழே போய் வந்தால் யாரைப் பார்த்தேன், என்ன விலை, எந்தக் கடை மாறிவிட்டது என்று ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் தவிர இவர் கீழே இறங்குவதில்லை. அன்றைக்கும் மார்க்கெட்டிலிருந்து நாலு பேர் வந்து நாற்காலியோடு தூக்கிப் போவார்கள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், சாமியைச் சப்பரத்தில் தூக்குகிற மாதிரி. போன முறை கீழ்வீட்டுப் போஜன் அதைச் சொல்லிச் சிரித்தபோது இவர் முகம் போன போக்கு!

நான் சொல்லி முடித்ததும் நாற்காலிக் கையைத் தட்டினார். இன்னும் சொல் என்கிறார். இன்னும் என்ன சொல்ல? கரடி பொம்மை எப்படி ஆடிற்று என்று ஆடிக் காட்டினேன். சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னலில் பனியைத் தவிர ஒன்றுமில்லை.

அக்டோபர் 27, சனி

ஜெபா வந்து போனான். அவன் கார் கீழே நிற்க, மேலே வருவதற்குள் மூச்சு வாங்குகிறது. நாற்பது வயசு. சமவெளியில் இருந்தால் இப்படித்தான்.

போனில் அந்த வீட்டைப் படம் பிடித்து வந்திருந்தான். சின்ன வீடு. இரும்புக் கேட். கேட்டைத் திறந்தால் தெரு. ஓரத்தில் வேப்பமரம். மலை கிலை ஒன்றும் கிடையாது. இவர் போனை வாங்கி வைத்துக்கொண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். எனக்குத் தெரியும், குறை கண்டுபிடிக்கிறார். ரயில்வேயில் பிளான் வந்தால் இப்படித்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்.

"அப்பா, வர்றீங்களா?" என்று ஜெபா முன்னால் வந்து குனிந்து கேட்டான். இவர் வாயைத் திறந்தார். உதடு கோணிக்கொண்டு, கழுத்து நரம்பெல்லாம் புடைத்து... பார்க்கச் சகிக்கவில்லை. "அவர சிரமப்படுத்தாதடா. வேணாங்கிறார்" என்றேன். இவர் இடது கையைத் தூக்கி ஆட்டினார். "பாத்தியா, வேணாங்கிறார்."

"நீங்க சொன்னதுக்கப்புறந்தாம்மா கைய ஆட்டினார்" என்றான் ஜெபா.

இவனுக்கு நான் சொல்லிப் புரிய வைக்க வேண்டியிருக்கிறது. வெளியூர் பேச டிரங்க் கால்தான் என்றிருந்த காலத்தில் மழை பெய்தால் லைன் கொரகொரவென்று இருக்கும். இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்காது. நடுவில் இருக்கிற எனக்கு மட்டும் இரண்டும் கேட்கும். "ஆபரேட்டர், நீங்களே சொல்லிடுங்க" என்பார்கள். நான் சொல்வேன். "அவங்க நல்லா இருக்காங்களாம். நீங்க எப்ப வர்றீங்கன்னு கேக்கறாங்க." எத்தனை கல்யாணத்தை, எத்தனை பிரசவத்தை இப்படி நடுவில் நின்று சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை நாகர்கோவிலிலிருந்து ஓர் அம்மாள் தன் மகனுக்குப் போன் பண்ணினாள். மகன் இங்கே எஸ்டேட்டில் கிளார்க். அப்பா போய்விட்டார் என்று அழுகிறாள். அவனுக்குக் கேட்கவில்லை. நான் "அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம், உடனே கிளம்பி வரச் சொல்றாங்க" என்றேன். அத்தனை தூரம் தனியாக பஸ்ஸில் போகிறவனுக்கு முழுசும் எதற்கு? நான் செய்தது சரிதான். பாதி வார்த்தை காதில் விழுந்தாலே மீதி எனக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவளுக்கு, கட்டின புருஷன் சொல்வதா தெரியாது?

ஜெபா மீன் குழம்பை நன்றாகச் சாப்பிட்டான். போகும்போது இவர் அவன் கையை விடவில்லை.

நவம்பர் 2, வெள்ளி

இரண்டாவது படம். மறுபடி அதே தெரு, அதே மழை. கை கொஞ்சம் நிதானப்பட்டிருக்கிறது. மஞ்சளாக ஒரு திட்டு, அது பேக்கரி விளக்கு. சிவப்பு, தபால் பெட்டி. மாடியில் ஒரு சாம்பல் கட்டம் இருக்கிறது, அது எக்ஸ்சேஞ்ச்தான். எல்லாம் நானே கண்டுபிடித்துச் சொன்னேன். தெரு மட்டும் இன்னும் நேராகவே கிடக்கிறது. திருத்தச் சொன்னால் திருத்த மாட்டேன் என்கிறார்.

இந்த முறை தெரு நடுவில் ஓர் ஆள். முதுகு தெரிய நடந்து போகிறார். குடை இல்லை! கொட்டுகிற மழையில் குடை இல்லாமல் யாராவது நடப்பார்களா? இவர் கண்ணயர்ந்த நேரத்தில் நானே பிரஷை எடுத்து அந்த ஆளுக்கு ஒரு கறுப்புக் குடை போட்டேன். நன்றாகவே வந்தது.

எழுந்து பார்த்தாரே ஒரு பார்வை! டம்ளர் பறந்தது. 'தா, தா, தா' என்று வீடே அதிர்ந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து இவர் இப்படிக் கத்தியதில்லை. பிறகு வெள்ளையைக் குழைத்துக் குடை இருந்த இடத்தில் அப்பினார். அது காய்ந்து, அந்த ஆள் தலைக்கு மேல் ஒரு மேகம் மாதிரி நிற்கிறது.

ஸ்ட்ரோக் வந்தவர்களுக்குக் கோபம் வருமாம், டாக்டர் அப்போதே சொன்னார். நான் ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ராத்திரிக்கு வெறும் கஞ்சிதான் வைத்தேன்.

நவம்பர் 6, செவ்வாய்

தீபாவளி. போஜன் வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. வெடிச் சத்தத்தைவிட இடிச் சத்தம்தான் அதிகம்.

அரிசிப் பையோடு ஏறி வரும்போது படியில் வழுக்கிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. முட்டியில் வீக்கம். யாருக்கும் சொல்லவில்லை, ஜெபாவுக்குத் தெரிந்தால் அதையே பிடித்துக்கொள்வான். ஆனால் புடவையில் இருந்த சேற்றை இவர் பார்த்துவிட்டார். கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, என் முட்டியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 'தா' என்றார். "தைலம் தடவச் சொல்றீங்க, தடவிக்கிறேன்" என்றேன். கையை எடுக்கவில்லை. இன்னொரு முறை 'தா' என்றார். தைலத்துக்கு எதற்குக் கண் கலங்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. வயசாகிறது.

நவம்பர் 12, திங்கள்

நஸ்ரின் வந்தாள். வந்ததும் வராததுமாக, "ஆன்ட்டி, இன்னிக்கு நீங்க கொஞ்ச நேரம் சமையலறையில இருங்களேன்" என்றாள். என் வீட்டில் என்னை!

"நான் இல்லன்னா அவர் சொல்றது உனக்குப் புரியாதும்மா."

"புரியாட்டி பரவால்ல ஆன்ட்டி. புரியற வரைக்கும் நான் வெயிட் பண்றேன்."

போய் பீன்ஸ் நறுக்கினேன். காது மட்டும் அங்கே. ஒரு சத்தமும் இல்லை. அவள் ஏதோ கேட்கிறாள், பிறகு அமைதி. எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷி சும்மா உட்கார்ந்திருப்பாள்? லைனில் அவ்வளவு நேரம் சத்தமில்லாமல் இருந்தால் நாங்கள் போர்டிலிருந்து ஒயரைப் பிடுங்கி இணைப்பை வெட்டிவிடுவோம். எழுந்து போகலாம் என்று நினைக்கும்போது இவர் குரல் கேட்டது. 'தா' இல்லை. வேறு ஏதோ. என்னவென்று பிடிபடவில்லை. பீன்ஸ் நறுக்குகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

போகும்போது நஸ்ரின் வாசலில் நின்று, "வீடு மாறுறதப் பத்தி அங்கிளக் கேட்டீங்களா ஆன்ட்டி?" என்றாள்.

"கேக்காமலா?"

"கேட்டுட்டு, அவர் சொல்ற வரைக்கும் பேசாம இருந்தீங்களா?"

பிறகு அவள் இன்னும் ஒன்று சொன்னாள். அதை இங்கே எழுதப் போவதில்லை. நேற்றுப் படித்து வந்த பெண், எனக்கு என் புருஷனைப் பற்றிச் சொல்கிறாள். குடையை மறந்துவிட்டுப் போனாள். கூப்பிட்டுக் கொடுத்தேன், கொடுக்காமல் என்ன செய்வது.

நவம்பர் 13, செவ்வாய்

பயிற்சிக்கு வேறு ஆள் அனுப்பச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். முட்டி வலி அதிகம்.

நவம்பர் 16, வெள்ளி

புயல் மழை. கீழே ரோட்டில் மரம் விழுந்துவிட்டது என்று போஜன் சொன்னான். பஸ் இல்லை, பால் இல்லை. வீடு முழுக்க ஈரம். சுவரைத் தொட்டால் கை நனைகிறது.

இவருடைய மூன்றாவது படமும் அதே தெரு, அதே ஆள்தான்; நேற்றிலிருந்து காயவே இல்லை. விட்டால் எல்லாக் கலரும் ஒன்றாக ஓடிவிடும். துணி காய வைக்கிற மாதிரியே செய்தேன். கரி அடுப்பில் கங்கு மட்டும் இருக்கும்படி விட்டு, அதன்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடை மேல் படத்தை விரித்து, கருகாமல் இருக்கப் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். இவர் உள்ளே படுத்திருந்தார். வேறு வேலை இல்லாததால் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளாக நான் படத்தைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மஞ்சள் திட்டு வெறும் மஞ்சள் திட்டுதான். அதில் பேக்கரி இல்லை. சிவப்பில் தபால் பெட்டி இல்லை. மாடிக் கட்டத்தில் ஒரு ஜன்னல்கூட இல்லை. கடைகளையெல்லாம் இவர் போகிற போக்கில் தடவிவிட்டிருக்கிறார். பேக்கரியும் எக்ஸ்சேஞ்சும் ஈரக் கம்பளியும் நான் கொண்டுவந்து வைத்தவை. இவர் உழைத்திருப்பது தரையில். முழுக்க முழுக்கத் தரையில். நனைந்த தார் மினுங்குகிறது. ஓரத்துக் கல் ஒவ்வொன்றாக வந்திருக்கிறது. பிடித்துக்கொண்டு நடக்க ஓரமாக ஒரு கைப்பிடிக் கம்பி. எங்கும் ஒரு படி இல்லை, மேடில்லை, பள்ளமில்லை. மலைக்கே சரிவுக் கணக்குப் போட்ட மனுஷன் ஒரு தெருவின் சரிவை மூன்று தடவை தவறாகப் போடுவாரா? இவர் வேண்டுமென்றேதான் மட்டமாக்கியிருக்கிறார்.

நடக்கிற ஆளின் இடது கையில் ஒரு கோடு இருக்கிறது. பிரஷ் இழுபட்டது என்று நினைத்திருந்தேன். அது கம்பு. எனக்குக் குடை கொண்டுவந்து காத்திருந்த பழைய காலத்தில் இவர் கையில் ஏது கம்பு? இது பழைய தெரு இல்லை. அந்த ஆள் இவர்தான். இன்றைக்கு இருக்கிற இவர். ஒரு கையில் கம்பு இருக்கிறவர் குடையை எந்தக் கையில் பிடிப்பார்? நனைந்தால் நனையட்டும் என்று நடக்கிறார்.

ஏப்ரலிலிருந்து இந்த மனுஷன் தெருவில் காலை வைக்கவில்லை. நான்தான் தினம் இறங்கிப் போய், நாலு பேரைப் பார்த்து, நனைந்து, சிரித்து, வர்க்கி வாங்கிக்கொண்டு வந்து, இவர் முன்னால் உட்கார்ந்து தெருவைக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். பசியோடு இருக்கிறவனிடம் விருந்துச் சாப்பாட்டை விவரிக்கிற மாதிரி. ஊரை விட்டு வர மனசில்லை என்று இவர் பேரில் மகனிடம் சொன்னேனே. இவர் எங்கே ஊரில் இருக்கிறார்? இந்தப் படிகளுக்கு மேலே, பனிக்கு நடுவில் இருக்கிறார். இவருக்கு வேண்டியது அந்தத் தெரு இல்லை. ஏதோ ஒரு தெரு. கேட்டைத் திறந்தால் கால் வைக்கிற மாதிரி ஒன்று.

அன்று நஸ்ரின் வாசலில் சொன்னதை எழுதிவிடுகிறேன். "ஆன்ட்டி, போக வேண்டாங்கிறது அங்கிளா, நீங்களா?"

படத்தின் ஒரு மூலை சூட்டில் லேசாகப் பழுப்பேறிவிட்டது. அழுதால் கண் சரியாகத் தெரிவதில்லை.

நவம்பர் 17, சனி

ஒன்றும் ஓடவில்லை. சோறு குழைந்துவிட்டது.

நவம்பர் 18, ஞாயிறு

முட்டியைச் சாக்கு வைத்து ஆராதனைக்குப் போகவில்லை. மத்தியானம் மழை கொஞ்சம் ஓய்ந்தது. இவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். படத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்னங்க, கோயம்புத்தூர் போலாமா? நீங்க சொல்லுங்க."

வாயைத் திறந்தார். 'தா' என்றார். தலையை ஆட்டிக்கொண்டார், அது இல்லை என்பது போல. மறுபடி முயன்றார். உதடு கோணிற்று, நரம்பு புடைத்தது. எனக்கு நாக்கு நுனியில் வார்த்தை நின்றது. சிரமப்பட வேண்டாம், நான் புரிந்துகொண்டேன் என்று சொல்லிவிடத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கூரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்து விளம்பரம் வந்து இன்னொரு பாட்டு ஆரம்பித்தது. இவர் நெற்றியெல்லாம் வியர்வை, அந்தக் குளிரில். என் வாழ்நாளில் இவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததில்லை.

"போ..." என்றார். மூச்சு வாங்கினார். "போ...லாம்."

ஏப்ரலுக்குப் பிறகு இவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வார்த்தை. இதற்காக எத்தனை ஜெபம் செய்திருப்பேன்! வந்ததே வந்தது, நான் கேட்கப் பயந்த வார்த்தையாக வந்தது. சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டு, ஏழு மாதமாக யாரிடமும் சொல்லாததை, இவர் பேரில் ஊரெல்லாம் சொன்னதை, என் பேரில் சொன்னேன்.

"எனக்குப் போக மனசில்லீங்க. நாந்தான் வேணாம்னேன். எனக்கு இந்த ஊரு, இந்த மழை, அந்தத் தெரு... கீழ இறங்கிப் போனா இன்னும் இருபத்திரண்டு வயசுன்னு நெனச்சுக்கறேன். அத விட்டுட்டு அங்க போய் வேப்பமரத்தப் பாத்துட்டு நான் என்னங்க பண்ணுவேன்?"

மறுபடி அந்தப் பாடு. இந்த முறை நான் வார்த்தையைத் தேடவில்லை. என்ன வரப்போகிறது என்று எனக்கே தெரியவில்லை.

"தெரி...யும்" என்றார்.

தெரியுமாம். கை ஆட்டியபோதும், போனைப் பெரிதாக்கிப் பார்த்தபோதும், டம்ளரை எறிந்தபோதும், என் முட்டியில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் இத்தனை நாள் இடது கையால் தரையை மட்டமாக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு ஜெபாவுக்குப் போன் போட்டேன். "என்னம்மா, அப்பா என்ன சொன்னார்?" என்றான். சொல்ல வாயெடுத்தேன். பிறகு, "நீயே கேட்டுக்க. அவசரப்படுத்தாத" என்று சொல்லிப் போனை இவர் காதில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். காதைப் பொத்திக்கொள்ளவில்லை, நானும் மனுஷிதானே.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு "போலாம்" என்றார், முன்னைவிடச் சுத்தமாக. அவன் என்னைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். இவர் "அம்மா..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். அம்மா வரமாட்டாளாம் என்று சொல்லப் போகிறாரா, அம்மா அழுகிறாள் என்று சொல்லப் போகிறாரா? ஓடிப்போய் முடித்து வைக்கலாமா என்று கால் பரபரத்தது. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா... வர்றா" என்றார்.

யாரைக் கேட்டுச் சொன்னீர்கள் என்று சண்டைக்குப் போகலாமென்று கரண்டியோடு வெளியே வந்தேன். இவர் போனை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்குக் காத்திருக்கிற பையன் முகம். சண்டைக்கு எடுத்த கரண்டியாலேயே சாப்பாடு போட்டேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.